வாடாமல்லி ஐஸ்கிரீம்

அவருடைய கையைப் பார்த்தால் போதும், அன்றைக்கு அடுப்பில் என்ன நிறம் என்று தெரிந்துவிடும். ஒரு நாள் முழங்கை வரை அரக்கு. இன்னொரு நாள் கிளிப்பச்சை. இரண்டு நாள் வேலை இல்லாமல் இருந்தால் பழைய நிறங்களெல்லாம் கலந்து ஒரு மாதிரிச் சேற்று நிறத்துக்கு வந்திருக்கும். ஆரணியில் எங்கள் தெருவில் எல்லோரும் அவரைச் சாயக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வரும் தபாலில் மட்டும் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நான் எழுதப்போவதில்லை. அவரைப் பற்றி எழுத உட்காருவதற்கே எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. பெயரையும் இழுத்துவிட எனக்கு யோக்கியதை கிடையாது.

நான் கலசப்பாக்கத்துக்காரன். எழுபதுகளின் நடுவில் ஆரணியில் ஒரு பள்ளிக்கு விஞ்ஞான வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தேன். அவர் வீட்டை ஒட்டிய போர்ஷனில் குடியிருந்தோம். நடுவில் ஒரே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் செம்பு அண்டாவில் தண்ணீர் கொதிக்கிற சத்தமும், சோப்புத் தண்ணீரில் பட்டு வேகும்போது எழும்புகிற வாடையும் விடிந்ததும் வந்துவிடும். முதல் மாதம் என் மனைவிக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது.

குடிபோன வாரத்திலேயே என் சட்டையில் கை வைத்தார். கை வைத்தார் என்றால் நிஜமாகவே கை வைத்தார். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"புதுசா சார்?"

"ஆமாங்க. நல்ல வெள்ளையா வேணும்னு தேடி வாங்கினேன்."

"வெள்ளை இல்லியே சார் இது."

சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கட்டு எடுத்தார். சாயம் ஏற்றாத பட்டுநூல், நூல் சுற்றும்போது மிஞ்சிய கழிவு. எப்போதும் அவரிடம் அது இருக்கும். அதில் ஓர் இழையை என் நெஞ்சின்மேல் வைத்து வெயிலில் திருப்பி நிறுத்தினார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் சட்டை லேசான நீலம்தான். அதற்குப் பிறகு அந்தச் சட்டையை வெள்ளை என்று நினைத்துப் போட என்னால் முடியவே இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் கிண்டலுக்காகச் செய்யவில்லை என்பது போகப்போகத் தெரிந்தது.

எதையும் தொடாமல், வைத்துப் பார்க்காமல் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். அவ்வளவுதான். யார் சொன்னாலும் சரி. பால்காரர் ஊற்றிய பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பார்ப்பார். வெண்டைக்காய் விற்க வருகிற அம்மா "பிஞ்சுங்க" என்று சொன்னால், நாலு காயின் நுனியை ஒடிக்காமல் பேச்சே கிடையாது. அவருடைய மகளைப் பெண்பார்க்கச் சேவூரிலிருந்து வந்தவர்கள், பையன் தறியில் கெட்டிக்காரன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை டவுன் பஸ் ஏறிச் சேவூருக்குப் போய், மாப்பிள்ளை வீட்டுத் தறிக்கு எதிரில் அரைநாள் உட்கார்ந்து பையன் நெய்கிறதைப் பார்த்துவிட்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

"கெட்டிக்காரன்தான் சார். இழை அறுந்தா மட்டும் எரிச்சல் படறான். அது போவப்போவ சரியாயிடும்" என்று என்னிடம் வந்து சொன்னார். கல்யாணம் நடந்தது. பெண் நன்றாகவே இருந்தாள்.

அவர் மனைவி இதையெல்லாம் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர். "எமன் வந்தாகூட இந்த மனுசன் நீதான் எமனான்னு நூலை வச்சிப் பாப்பாரு. அதுக்குள்ள எமனுக்கே பேஜாராயி திரும்பிப் பூடுவான்" என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் நிறம் என்று வந்துவிட்டால் அந்த ஊரில் அவர் சொன்னதற்கு மேல் பேச்சில்லை. முந்தி வாங்கின அரக்கும் இப்போது வந்த அரக்கும் ஒன்றா, வேறா என்று இரண்டு பேருக்குள் தகராறு வந்தால் நேராக அவரிடம் வருவார்கள். இரண்டு நூலையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடிப்பார். "ஒண்ணுதான்" என்பார், இல்லாவிட்டால் "வேற" என்பார். அதோடு முடிந்தது. வந்தவர்கள் ஜல்தியாகச் சமாதானம் ஆகிப் போய்விடுவார்கள். ஜட்ஜுக்குக்கூட மேல்கோர்ட்டு உண்டு, இவருக்கு இல்லை என்று நான் ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒருமுறை வேலூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் காரில் வந்து இறங்கினார்கள். முகூர்த்தப் புடவை முதல் சலவையிலேயே சாயம் விட்டுவிட்டது என்று புகார். புடவை நெய்து விற்ற முதலாளி, நீங்கள் சோடா போட்டுத் துவைத்திருப்பீர்கள் என்று அவர்கள்மேலேயே திருப்பிக்கொண்டிருந்தார். சாயக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். முதலாளி கண்ணைக் காட்டியது கூட்டத்தில் நின்ற எனக்கே புரிந்தது. இவர் எதையும் பார்க்காமல் ஒரு பேசினில் தண்ணீர் கேட்டார். முந்தானை நுனியை அதில் விட்டு எடுத்தார். தண்ணீர் சிவந்தது.

"தப்பு என்னுதுங்க. கடைசி அலசல் சரியா அலசல" என்றார், எட்டுப் பேர் எதிரில்.

சாயங்காலம் கேட்டேன். "அண்ணே, முதலாளி அவ்வளவு ஜாடை காட்டினாரே. சும்மா இருந்திருக்கலாமே."

"தண்ணில தெரிஞ்சிபோச்சே சார். தெரிஞ்சப்புறம் இன்னா பேசறது?"

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று உங்களுக்குச் சொல்லவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தன் தப்பை ஒத்துக்கொள்ள அந்த மனிதருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆரோக்கியம் என்பவர் ஐஸ்கிரீம் கடை போட்டார். சொந்த ஊருக்குத் திரும்பி வந்தவர். சென்னையில் ஒரு ஐஸ் கம்பெனியில் பத்துப் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, இனி நம் ஊரிலேயே பிழைத்துக்கொள்ளலாம் என்று மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வந்து சேர்ந்திருந்தார். ஒரு பெரிய ஐஸ்பெட்டி, இரண்டு பெஞ்சு, சுவரில் வேளாங்கண்ணி மாதா படம். அதுவரை எங்களுக்கு ஐஸ் என்றால் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு வருகிற குச்சி ஐஸ்தான். இங்கே காகிதக் கப்பில், மூடி போட்டு, தட்டையான மரக்கரண்டியோடு கொடுத்தார்கள். வெண்ணிலா, ஸ்ட்ராபெர்ரி, பிஸ்தா. சரக்கு சென்னையிலிருந்து பஸ்ஸில் வரும். பள்ளி விடுகிற நேரத்தில் பெஞ்சில் இடம் கிடைக்காது. தறி வீட்டுப் பெண்கள்கூடச் சினிமா முடிந்து ஆளுக்கொரு கப்பு வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்தச் சித்திரை வெயிலில் புதிதாக ஒன்று வந்தது. பிளாக் கரண்ட். அப்படி ஒரு பழம் உலகத்தில் இருப்பதே ஊரில் யாருக்கும் தெரியாது. கரண்ட்டே வராத ஊரில் கறுப்புக் கரண்ட்டா என்று ஆரோக்கியத்தைக் கேலி செய்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

என் மனைவியின் பழைய கல்யாணப் புடவைக்குச் சாயக்காரர் புதிதாக நிறம் ஏற்றிக் கொடுத்திருந்தார். அதற்குக் கைம்மாறாக ஏதாவது வாங்கிக்கொடுக்க வேண்டும் என்று நான்தான் அவரை அந்தக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்றவரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு கப்பு வாங்கினேன். மூடியைத் திறந்தால் உள்ளே பளிச்சென்று வாடாமல்லி நிறம்.

ஒரு கரண்டி வாயில் வைத்தேன். முதலில் இருமல் மருந்து மாதிரி இருந்தது. அது கரைந்ததும் நாவல்பழம் மாதிரி ஒரு துவர்ப்பு. அப்புறம் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு புளிப்பு, நாக்கின் ஓரத்தில். பிடித்திருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கவே இன்னொரு கரண்டி சாப்பிட வேண்டியிருந்தது. மூன்றாவது கரண்டியில் பிடித்துவிட்டது.

சாயக்காரரும் ஒரு வாய் சாப்பிட்டார். நாக்கில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"நல்லாத்தான் கீது" என்றார்.

அப்புறம் மரக்கரண்டியைப் பார்த்தார். கரண்டியின் நுனி நிறம் மாறியிருந்தது. கை சட்டைப்பைக்குப் போனது. எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கேயும் ஆரம்பித்துவிட்டாரே என்று நினைத்தேன். ஓர் இழையை எடுத்துக் கப்பில் உருகியிருந்ததில் முக்கினார். கொஞ்ச நேரம் விட்டார். தண்ணீர் கேட்டார். ஆரோக்கியமே டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். அலசினார். இன்னொரு டம்ளர். மறுபடி அலசினார். சோப்பு இருக்கா என்றார். ஆரோக்கியம் உள்ளே ஓடிப்போய்த் தன் வீட்டுக் குளியல் சோப்பையே எடுத்துவந்தார். அவருக்கும் இது வேடிக்கையாக இருந்திருக்கிறது, பாவம். அதற்குள் பஸ்ஸுக்கு நின்றவர்கள், சைக்கிள் கடைக்காரர், தறிக்காரர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள்.

சோப்புப் போட்டுக் கசக்கி அலசி எடுத்து, உள்ளங்கையில் இழையை நீட்டிக் காட்டினார். வாடாமல்லி போகவே இல்லை.

"பட்டுல நின்னுடுச்சே. பட்டுல நின்னா அது சாயம்தான். நம்ம அண்டாவுல போடற பொடிதான்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமும் இல்லை. முந்தானையைத் தண்ணீரில் விட்டபோது பேசிய அதே குரல்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னா சார், நான் சொல்றது சரிதானே?"

பட்டு என்பது நம் தலைமுடி மாதிரி, ஆட்டுக் கம்பளி மாதிரி ஒரு புரதம். ஏறக்குறைய எந்த நிறத்தையும் அது பிடித்துக்கொள்ளும். தின்கிற நிறம், தின்னக்கூடாத நிறம் என்ற பாகுபாடெல்லாம் அதற்குத் தெரியாது. மிட்டாய்க்குப் போடுகிற பொடியும் அதில் ஏறும். முப்பது வருடம் சாயத்தில் கை வைத்தவர், பட்டுநூலைச் சாயத்தில் தவிர வேறெதிலும் வேண்டுமென்று முக்கிப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை. ஆனால் நான் போன வருடம்தான் பத்தாம் வகுப்பில் இதைப் பாடமாக நடத்தியிருந்தேன்.

தெரிந்தும் நான் தலையாட்டினேன்.

ஏன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்காத மனிதர், பதினைந்து பேர் எதிரில் என்னைக் கேட்டார். அந்தப் பெருமை. அவர் முகத்துக்கு எதிரே இல்லை என்று சொல்ல வாய் வராத தயக்கம். நாளைக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்ற சோம்பேறித்தனம். எல்லாம் சேர்ந்துதான் இருந்திருக்கும். எதைச் சொன்னாலும் அது நியாயமாகிவிடாது.

மறுநாளே தறித்தெரு முழுக்கப் பேச்சு. ஐஸ்கிரீமில் புடவைச் சாயம். சாயக்காரரே நூலை முக்கிப் பார்த்துவிட்டார். விஞ்ஞான வாத்தியாரும் ஆமாம் என்று சொல்லிவிட்டார். நான் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன் என்று யாரிடம் போய் விளக்குவது? தாய்மார்கள் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை. பிளாக் கரண்ட்டோடு போகவில்லை. வெள்ளை வெண்ணிலாவைக்கூட யாரும் தொடவில்லை.

இது தின்கிற நிறம்தான் என்று கம்பெனி அச்சடித்த காகிதத்தை ஆரோக்கியம் எடுத்துக்கொண்டு சாயக்காரரிடம் வந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பேப்பரை நான் இன்னா பண்றதுப்பா? நூலு சொல்லுதே" என்றார் இவர்.

அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார் ஆரோக்கியம். செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு நின்றார்.

"சார், இது திங்கற கலருங்க. கம்பெனியில என் கையால போட்டிருக்கேன். என் புள்ளைங்களே தினம் சாப்பிட்டுகினு கீதுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஜனங்க கேட்டுக்கும். பாடம் நடத்தறவரு நீங்க."

"பார்க்கலாம்" என்றேன். விசாரித்துச் சொல்கிறேன் என்று வேறு சொன்னேன். விசாரிக்க என்ன இருந்தது? புத்தகம் அலமாரியில் இருந்தது. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் ஒன்றும் செய்யவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தேன்.

ஆடிக் கிருத்திகை அன்றைக்குச் சாயக்காரர் வீட்டில் கேசரி கிண்டியிருக்கிறார்கள். கேசரிப் பொடி கரைத்த கிண்ணத்தைக் கழுவப் போட்டிருந்தார் அவர் மனைவி. இவர் போகிற போக்கில் அதில் ஓர் இழையை விட்டுப் பார்த்திருக்கிறார். மாம்பழ மஞ்சள் ஏறி நின்றுவிட்டது. சோப்புப் போட்டும் போகவில்லை. அரைமணி நேரம் அந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். எழுந்ததும் கேசரியைத் தொடாமல், சட்டைகூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அவர் அங்கே சொன்னதை எனக்குச் சைக்கிள் கடைக்காரர்தான் சொன்னார். "ஆரோக்கியம், தப்பு என்னுது. நான் பார்த்தது தப்பு. எனக்கு ஒண்ணு குடு" என்று கேட்டு வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டிருக்கிறார். அன்றைக்கு மட்டும் இல்லை. தினமும் வேலை முடிந்ததும் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பிளாக் கரண்ட் சாப்பிடுவார். தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிடுவார். "வாப்பா, ஒண்ணும் ஆவாது, நான் சாப்பிடறேன் பாரு" என்பார். அவரைப்போன்ற ஒரு ஆள் இப்படிக் கெஞ்சுவதை யாரும் பார்த்ததில்லை.

யாரும் உட்காரவில்லை. ஐஸ்காரன் நன்றாகக் கவனித்துவிட்டான் போலிருக்கிறது என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். முதலில் சொன்னதை ஒரே நாளில் நம்பின ஊர், இப்போது சொல்கிறதை நம்ப மறுத்தது. கேசரி நிறம் ஏறிய நூலைக் காட்டினால், "வாத்தியாரும் அன்னிக்கு ஆமான்னாரே" என்றார்கள்.

ஒருநாள் தலைமையாசிரியர் அனுப்பிய வேலையாக அந்த வழியே போக வேண்டியிருந்தது. பெஞ்சிலிருந்து அவர் என்னைப் பார்த்துவிட்டார். வாயெல்லாம் வாடாமல்லி.

"சார், வாங்க. ஒண்ணு சாப்ட்டுப் போங்க. நீங்க உக்காந்தா நாலு பேரு உக்காருவான்."

ஐஸ்பெட்டிக்குப் பின்னாலிருந்து ஆரோக்கியம் எழுந்து நின்றார். அவர் மனைவியும் பார்த்தார். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எனக்குப் பிடித்த ஒரு பண்டத்தைச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் என்னிடம் கேட்டது. உட்கார்ந்தால், அப்படியானால் அன்றைக்கு ஏன் தலையாட்டினீர்கள் என்று யாராவது கேட்பார்கள். பெற்றோர்கள் கேட்பார்கள். பள்ளியில் கேட்பார்கள்.

"அவசர வேலைண்ணே. இன்னொரு நாளைக்கு வரேன்" என்று சைக்கிளை மிதித்தேன்.

ஆவணி முடிவதற்குள் ஆரோக்கியம் ஐஸ்பெட்டியை விற்றுவிட்டார். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பாதி வருடத்தில் நிறுத்தினார். பெரியவள் எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு. அவளுடைய மாற்றுச் சான்றிதழை வாங்க வந்தவர் என்னை வராந்தாவில் பார்த்தும் பேசவில்லை. சென்னைக்கே போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். கடையில் ஒரு தையல்காரர் வந்து உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாயக்காரர் என் வீட்டுக்கு வந்தார். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு துடைப்பக்குச்சியில் வரிசையாக முடிந்த நூல்களை என் மேஜைமேல் வைத்தார்.

"இது கேசரிப் பவுடரு. இது டீத்தண்ணி. இது பீட்ரூட்டு. இது நாவப்பழம். எல்லாத்தையும் புடிக்குது சார் பட்டு. முப்பது வருசமா இதுகூடத் தெரியாம இருந்திருக்கேன்."

நான் நூல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே என் மனைவி பாத்திரம் துலக்குவதை நிறுத்தியது கேட்டது.

"ஒண்ணு கேக்கணும் சார். அன்னிக்கு உங்களக் கேட்டேன், நீங்க தலையாட்டினீங்க. அப்ப உங்களுக்கு இது தெரியுமா?"

பத்தாம் வகுப்புப் புத்தகம் என் முழங்கைக்குப் பக்கத்தில், தாள்களுக்கு அடியில் இருந்தது.

"தெரியாதுண்ணே" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். எங்கே கையை நீட்டிப் புத்தகத்தை எடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் எதையும் தொடவில்லை. குச்சியை எடுத்துக்கொண்டு எழுந்தார். முகம் தெளிந்திருந்தது.

"அதான் ஊட்லயும் சொல்லிகினு இருந்தேன்" என்றார். "சாருக்குத் தெரிஞ்சிருந்தா அந்தக் குடும்பத்த அப்பிடிப் போவ உட்டிருக்கமாட்டாருன்னு."